‘அன்புடன்’ என்று ஒரு ரப்பர் முத்திரை

வாழ்த்து அட்டைகளைக் கையாலேயே செய்து அனுப்புவதில் இப்போது பலருக்கு ஆசை பிறந்திருக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் முன்னால் இதற்கென்று வகுப்புகள்கூட நடக்கின்றன. நல்ல காரியம்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டுச் சண்டையைத் தொடங்குகிறேன்.

இந்த வேலையை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு பெட்டி வாங்கினால் அதற்குள் சகலமும் இருக்கின்றன. மடித்த அட்டைகள், மரக்கட்டையில் ஒட்டிய ரப்பர் அச்சுகள், மைப்பெட்டி, முத்து, சமுக்கி, ரிப்பன், காகிதப் பூக்கள். சீக்கிரம் உலராத மையில் அச்சைத் தோய்த்துப் பதிக்கிறார்கள். ஈரம் காய்வதற்குள் ஒரு மெல்லிய பொடியைத் தூவி, மிஞ்சியதைத் தட்டிவிட்டுச் சூடான காற்றைப் பாய்ச்சுகிறார்கள். பொடி உருகி, கோடுகளெல்லாம் புடைத்துக்கொண்டு பளபளக்கின்றன. பொங்கல் பானையைத் தனியே வெட்டி, அடியில் நுரைப் பட்டைத் துண்டை வைத்து ஒட்டினால், பானை அட்டையைவிட்டு மேலே எழுந்து நிற்கிறது. அதற்கு ஒரு நிழல்கூட விழுகிறது! அச்சை அழுத்தும்போது கொஞ்சம் அசைத்தாலும் ஓரம் கறைபட்டுப் போகும். நேராக வைத்து நேராக எடுக்க வேண்டும். அதற்கும் பழக்கம் வேண்டும், பொறுமை வேண்டும். இதைக் கேலி செய்கிற உத்தேசம் எனக்கு இல்லை.

ஆனால் அட்டையைத் திறந்து பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது? ‘இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்’ என்று ஒரு முத்திரை. அதற்குக் கீழே ‘அன்புடன்’ என்று இன்னொரு முத்திரை. போதாததற்குப் பின்பக்கத்தில் ‘கையால் செய்தது’ என்று மூன்றாவதாக ஒன்று. கையால் செய்தது என்பதைச் சொல்வதற்கும் கை வரவில்லை!

ரப்பர் முத்திரைக்கு உலகத்தில் ஒரு வேலை உண்டு. ‘பெறப்பட்டது’, ‘ரொக்கம்’, ‘நிராகரிக்கப்பட்டது’ என்று ஆபீஸ் காகிதங்களில் விழுவதற்காகப் பிறந்தது அது. வந்தவர் யார், வந்த விஷயம் என்ன என்று முகம் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே வார்த்தையைச் சொல்வதுதான் அதன் தர்மம். குமாஸ்தாவுக்கு அது சௌகரியம். பெற்ற தாய்க்கும், கூடப் படித்த சிநேகிதனுக்கும் நாம் எதற்காகக் குமாஸ்தாவாக வேண்டும்?

வாழ்த்து அட்டையின் ஜாதகமே அப்படித்தான் என்று யாராவது சொல்லக்கூடும். உண்மைதான். 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் முதல் கிறிஸ்துமஸ் அட்டையை அச்சிட்டார். அதற்கு மூன்று வருஷம் முன்புதான், 1840-இல், ஒரு பென்னிக்குக் கடிதம் போகும் தபால் திட்டம் அங்கே வந்திருந்தது. அதைக் கொண்டு வர உழைத்தவர்களில் அவரும் ஒருவர். விளைவு, கடிதங்கள் வந்து குவிந்தன. அத்தனைக்கும் பதில் எழுத நேரமில்லாமல்தான் ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் படம் வரையச் சொல்லி, ஏறத்தாழ ஆயிரம் பிரதிகள் போட்டு, வர்ணத்தைக் கையால் தீட்டச் செய்தார் என்பார்கள். மிஞ்சியவை ஒரு ஷில்லிங் விலைக்கு விற்கப்பட்டன. யாருக்கு, யாரிடமிருந்து என்று இரண்டே இடங்கள்தான் அதில் காலி. ஆக, கடிதம் எழுதாமல் தப்பிக்கக் கண்டுபிடித்த உபாயம்தான் வாழ்த்து அட்டை! கடையில் வாங்கிய அட்டையை அனுப்புகிறவர் இந்தப் பரம்பரையை ஒளிக்கவில்லை. என் கோபம் அவர்மேல் இல்லை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து முத்தும் சமுக்கியும் ஒட்டிவிட்டு, எழுத வேண்டிய இரண்டு நிமிஷத்தில் முத்திரையை எடுக்கிறாரே, அவர்மேல்தான்.

நம் ஊரில் பொங்கல் அட்டை எப்படி இருந்தது? என் பள்ளிக்கூட நாட்களில், 1980-களின் இறுதியில், மார்கழி பிறந்தாலே பெட்டிக்கடை வாசலில் கயிறு கட்டி அட்டைகளைத் தொங்க விட்டுவிடுவார்கள். முருகன், சினிமா நட்சத்திரங்கள், கட்சித் தலைவர்கள், கரும்போடு நிற்கும் உழவர் குடும்பம் - எல்லாம் அச்சில் வந்த சரக்கு. வர்ணம் கண்ணைப் பறிக்கும். ரசனை என்று பார்த்தால் இன்றைய பெட்டி அட்டையின் பக்கத்தில் வைக்க முடியாது. ஆனாலும் உறையை ஒட்டாமல் புக் போஸ்டில் போன அந்த மட்டமான அட்டையின் ஓரத்தில், தபால்காரர் கண்ணில் படாதபடி பொடி எழுத்தில், ‘அத்தைக்குக் கால்வலி தேவலையா? பசு கன்று போட்டதா?’ என்று யாராவது எழுதியிருப்பார்கள். அச்சடித்த வாழ்த்தை யாரும் படித்ததில்லை. அந்த ஓரத்தைத்தான் படித்தோம்.

அச்சு குத்தவும் நமக்குத் தெரிந்தே இருந்தது. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி மையில் தொட்டு வைத்தால் பூ விழும். அழிரப்பரில் பிளேடால் ‘வாழ்த்து’ என்று செதுக்கிய பையன்கள் உண்டு. எழுத்தைத் திருப்பிச் செதுக்க வேண்டும் என்பது தெரியாமல் நேராகச் செதுக்கிவிட்டு, அட்டையில் ‘ழ்’ வாலைத் தப்பான பக்கம் நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துத் திகைப்பார்கள். அந்தத் தலைகீழ் அட்டை வருகிற வீட்டில் அனுப்பியவன் யார் என்று கையெழுத்தைப் பார்க்காமலே தெரிந்துவிடும். ரப்பரை நான் பகைக்கவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

முத்தும் மணியும் தபாலில் படுகிற பாட்டை நான் சொல்ல வேண்டியதில்லை. புடைத்த உறையின்மேல் தபால்முத்திரை விழுந்தால் கதி என்ன என்பதை, நசுங்கிய பானையோடு அட்டை வாங்கியவர்கள் அறிவார்கள்.

திருநெல்வேலிப் பக்கம் எனக்கு வேண்டிய ஆச்சி ஒருத்தி இருக்கிறாள். சென்னையிலிருந்து பேத்தி ஒரு பொங்கலுக்கு இப்படி ஓர் அட்டை அனுப்பியிருந்தாள். ஆச்சி கரும்பைத் தடவிப் பார்த்தாள், முத்துகளை எண்ணினாள், பிறகு திறந்து என்னிடம் நீட்டினாள்.

“என்ன எழுதியிருக்கா தம்பி?”

உள்ளே ஆங்கிலத்தில் ஒரு முத்திரை. ‘வித் லவ்’. அவ்வளவுதான். சொன்னேன்.

“அது அவ எழுதினதா?”

“இல்லை ஆச்சி, அச்சு” என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லாமல் அட்டையை வாங்கிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். குழந்தையை நான் குறை சொல்ல மாட்டேன். அவளுக்குத் தமிழில் ‘ஆச்சி’ என்று எழுதத் தெரியாது என்று பின்னால் அறிந்தேன். பெற்றவர்கள் அவளை அட்டை செய்யும் வகுப்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். ‘ஆ’வும் ‘ச்’சும் ‘சி’யும் கற்றுத்தர ஒரு சாயங்காலம் போதும், அது அவர்களுக்குத் தோன்றவில்லை. கோணலாக, மை கொட்டி, கொம்பும் சுழியும் இடம் மாறி எழுதியிருந்தால்தான் என்ன? ஆச்சி அதைச் சாமிக்குப் பக்கத்தில் வைத்திருக்க மாட்டாள். முந்தானையில் முடிந்துகொண்டு தெரு முழுவதும் காட்டியிருப்பாள்.

“நாற்பது பேருக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது, ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க முடியுமா?” என்று கேட்கிறார்கள். முடியாதுதான். பத்துப் பேருக்கு எழுதுங்கள். மீதி முப்பது பேருக்குத் தொலைபேசியில் ஒரு பானைப் படத்தை அனுப்பிவிடுங்கள். அவர்களும் அதையேதான் உங்களுக்கு அனுப்பப் போகிறார்கள்.