கடலடி வடமும் இல்லாத கப்பலும்

பெங்களூருவின் மஞ்சள் தடத்து மெட்ரோ ஹெப்பகோடிக்கு வந்து நான்கு வாரங்கள்கூட நிறையவில்லை. 2025 செப்டம்பர் 6 அன்று செங்கடலில், ஜித்தாவுக்கு அருகே, கடலடி வடங்கள் அறுந்தன. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் இணையம் தளர்ந்தது. தன் அசூர் மேகக்கணிச் சேவையில் தாமதம் நேரும் என மைக்ரோசாஃப்டு அறிவித்தது. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இருந்து வந்து ஹெப்பகோடியில் வாடகை அறை எடுத்துத் தங்கி, பக்கத்து எலெக்ட்ரானிக் சிட்டியில் இரவுப்பணி பார்க்கும் இளைஞரின் சோறு அந்த வடங்களில் தொங்குகிறது. சென்னைக் கடலோ அவர்களுக்கு முந்நூறு கிலோமீட்டர் தொலைவு.

வடத்தை அறுப்பது புதிய போர்முறையன்று. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனைத் தமிழர் மறக்கவில்லை. எமகாதகனுக்கு அதன் பெயரையே சூட்டிவிட்டோம். அக்கப்பல் எதற்குப் போய் அழிந்தது என்பதைத்தான் மறந்தோம். அதே ஆண்டு நவம்பர் 9-இல் கோகோஸ் தீவுக்கூட்டத்தின் டைரக்‌ஷன் தீவில் அதன் மாலுமிகள் இறங்கி, கடலடித் தந்திவடத்தைக் கோடரியால் வெட்டினர். அங்கிருந்த தந்தி நிலையத்தார் அதற்குள் கம்பியில்லாத் தந்தியில் அபயக்குரல் எழுப்பியிருந்தனர். ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி விரைந்து வந்து எம்டனை வீழ்த்தியது.

அன்று வெட்டியவன் யாரென்பதில் ஐயமில்லை. இன்றோ உலகெங்கும் ஆண்டுக்கு 150 முதல் 200 வரை வடப்பழுதுகள் நேர்கின்றன. பெரும்பாலானவை மீன்வலையும் நங்கூரமும் செய்வன. அந்தக் கூட்டத்துக்குள்தான் நாசவேலைக்காரன் ஒளிந்துகொள்கிறான். 2024 டிசம்பர் 25 அன்று பின்லாந்து வளைகுடாவில் ஈகிள் எஸ் என்னும் எண்ணெய்க் கப்பல் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நங்கூரத்தை இழுத்துச் சென்று, ஒரு மின்வடத்தையும் நான்கு தகவல்வடங்களையும் அறுத்தது. பின்லாந்து கப்பலைப் பிடித்தது, வழக்கும் தொடுத்தது. 2025 அக்டோபரில் ஹெல்சிங்கி நீதிமன்றம், இதை விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று தள்ளுபடி செய்தது. நிகழ்ந்த இடம் பின்லாந்தின் ஆட்சிக்கடலுக்கு வெளியே. கப்பலின் கொடி குக் தீவுகளுடையது. கையுங்களவுமாகப் பிடித்த நாட்டுக்கே இதுதான் கதி!

சட்டம் கைவிடுமிடத்தில் காவல் என்பது, அறுந்ததை உடனே இணைக்கும் ஆற்றலே. அது நம்மிடம் இல்லை. பழுதுநீக்க அயல்நாட்டுக் கப்பல்களையே நாம் நம்பியிருப்பதைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2023 ஜூனிலேயே சுட்டிக்காட்டி, இந்தியக் கொடி பறக்கும் கப்பல்கள் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. மென்பொருள் ஏற்றுமதியில் மார்தட்டும் நாடு, தன் வடம் அறுந்தால் பிறர் கப்பலுக்காகக் காத்துக் கிடப்பது நாணத்தக்கது. நம் வடங்களில் மிகப் பெரும்பாலானவை கரையேறுவது மும்பையிலும் சென்னையிலும். ஊருக்கொன்றாக இரண்டு பழுதுநீக்குக் கப்பல்களைக் கட்ட நடுவணரசு இந்த நிதியாண்டிலேயே பணிக்க வேண்டும்.