அரங்கின் சாவி அரசர் கையில்

1669 பிப்ரவரி 5 அன்று பாரிஸின் பாலே ராயல் அரங்கில் வசூலான தொகை 2,860 லீவ்ர். மோலியேரின் நாடகக் குழுவில் நடித்துக்கொண்டே வரவு செலவையும் கவனித்த லா கிராஞ்ஜ், தன் பதிவேட்டில் இதைக் குறித்துவைத்திருக்கிறார். ஐந்தாண்டுகள் தடையில் கிடந்த ‘தார்த்யூஃப்’ நாடகம் பொது மேடைக்குத் திரும்பிய நாள் அது. மன்னர் பதினான்காம் லூயி மோலியேருக்கு வழங்கிவந்த உதவித்தொகை ஆண்டுக்கு 1,000 லீவ்ர். 1665இல் குழுவுக்கு அறிவித்த மானியம் ஆண்டுக்கு 6,000 லீவ்ர். அந்த ஒரு நாள் வசூல், முதல் தொகையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. இரண்டாவதில் கிட்டத்தட்டப் பாதி.

கலைகளின் பொற்காலத்தைப் படைத்த புரவலர் என்ற பெயர் லூயிக்கு உண்டு. அவரது ஆட்சிக்காலம் பற்றி 1751இல் வோல்தேர் வெளியிட்ட வரலாற்று நூல் அந்தப் பெயரை நிலைநிறுத்தியது. லா கிராஞ்ஜின் கணக்கோ வேறு கோணத்தில் பார்க்கச் சொல்கிறது. பணம் பாரிஸ் மக்களிடமும் இருந்தது. அனுமதி அரசரிடம்தான் இருந்தது. வரம்பற்ற முடியாட்சி கலையை என்ன செய்தது என்று அறிய, அரசர் எவ்வளவு அள்ளிக் கொடுத்தார் என்பதைவிட, யாருக்குக் கதவைத் திறந்தார், யாருக்கு மூடினார் என்று பார்ப்பதே பயன் தரும்.

ஆடிக்காட்டிய அதிகாரம்

லூயி அரியணை ஏறியபோது அவருக்கு ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. 1648 முதல் உயர் நீதிமன்றத்தினரும் பிரபுக்களும் அடுத்தடுத்துக் கிளப்பிய ‘ஃப்ரோந்த்’ கலகத்தில், சிறுவனான அவர் இரவோடு இரவாகத் தலைநகரைவிட்டு வெளியேற நேர்ந்தது. கலகம் ஓய்ந்துகொண்டிருந்த 1653 பிப்ரவரியில், விடிய விடிய நடந்த ‘இரவின் பாலே’ என்ற அரசவை நடனத்தில் 14 வயது லூயி உதயசூரியனாகத் தோன்றி ஆடினார். ‘சூரிய மன்னர்’ என்ற படிமம் அரியணையிலிருந்து அல்ல, ஆட்ட மேடையிலிருந்து புறப்பட்டது. அரசாள்வதில் பாதி, பார்ப்பவர் கண்ணை ஆள்வது என்பதை அவர் அப்போதே கற்றுக்கொண்டார்.

எனவே, அந்தக் காட்சியை வேறொருவர் நடத்துவதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. 1661 ஆகஸ்ட் 17 அன்று நிதி அமைச்சர் ஃபூக்கே, வோ-லெ-விகோம்த்தில் தாம் கட்டிய மாளிகையில் மன்னருக்கு விருந்து வைத்தார். மோலியேரின் புதிய நாடகம் ஒன்று அங்கே அரங்கேறியது. மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஃபூக்கே கைதானார். கைதுக்கான திட்டம் விருந்துக்கு முன்பே தீட்டப்பட்டிருந்தது. ஆனால், அதன் பிறகு நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. ஃபூக்கே திரட்டிய கட்டடக் கலைஞர் லெ வோ, ஓவியர் லெ பிரன், தோட்டக் கலைஞர் லெ நோத்ர் ஆகிய மூவரும் வெர்சாயில் மன்னரின் பணிக்கு வந்தார்கள். இனி கலைஞர்களுக்கு ஒரே பெரிய வீடு. ஒரே பெரிய எசமான்.

அமைச்சர் கொல்பேர் அதை நிர்வாக முறையாக்கினார். மொழிக்கென்று முந்தைய மன்னரின் அமைச்சர் ரிஷ்லியூ 1635இலேயே ஒரு கழகம் நிறுவியிருந்தார். நடனத்துக்கு 1661இலும் அறிவியலுக்கு 1666இலும் கட்டடக் கலைக்கு 1671இலும் அரச கழகங்கள் வந்தன. எழுத்தாளர்களில் யார் உதவித்தொகைக்குத் தகுதியானவர்கள் என்று கவிஞர் ஷப்லேன் பட்டியல் எழுதினார்.

ஐந்தாண்டுத் தடை

1664 மே மாதம் வெர்சாய் விழாவில் ‘தார்த்யூஃப்’ நடந்தது. பக்தி வேடமிட்டு ஒரு குடும்பத்தின் சொத்தையே சுருட்டும் போலியின் கதை. மன்னர் ரசித்தார், ஆனால், பொதுமக்கள் முன்னால் நடத்தக் கூடாது என்றார். மதச் சங்கங்களும் பேராயரும் கொதித்திருந்தார்கள். ராஜமாதா ஆனும் பக்தர்கள் பக்கம். நாடகாசிரியரைத் தீயிலிட வேண்டும் என்றே ஒரு பாதிரியார் எழுதினார். 1667 ஆகஸ்டில் தலைப்பை மாற்றி மோலியேர் மேடையேற்றியபோது, ஒரே காட்சியோடு நீதிமன்றத் தலைவர் லமுவான்யோன் நிறுத்திவிட்டார். அந்த நாடகத்தைப் படிப்பதோ கேட்பதோகூடச் சபை விலக்குக்கு உரியது என்றார் பேராயர். போர்முனையில் இருந்த மன்னரிடம் மனுவோடு இரண்டு நடிகர்கள் ஓடினார்கள்.

வரம்பற்றவர் எனப்பட்ட மன்னருக்கு ஒரு நகைச்சுவை நாடகத்தை அனுமதிக்க ஐந்தாண்டு பிடித்திருக்கிறது! பேராயரையும் நீதிமன்றத்தையும் பக்தர்களையும் அவர் அனுசரித்துப் போக வேண்டியிருந்தது. நாடகம் பிழைத்ததற்கும் அந்த இழுபறியே காரணம். தடைக்காலத்தில் மன்னரின் சொந்தத் தம்பியும் உறவினர் கோந்தே இளவரசரும் அதைத் தங்கள் மாளிகைகளில் நடத்திப் பார்த்தார்கள்.

அனுமதிக்கு விலையும் இருந்தது. இன்று நாம் படிக்கும் ஐந்தாம் அங்கத்தில், குடும்பத் தலைவர் ஓர்கோன் சட்டப்படியே வீட்டை இழந்து நிற்கிறார். பத்திரம் போலியின் கையில். கைது செய்ய வந்த அதிகாரி ஓர்கோனை விட்டுவிட்டுப் போலியைப் பிடிக்கிறார். மன்னர் எல்லாவற்றையும் அறிந்துகொண்டார், அந்தப் பத்திரத்தைத் தன் அதிகாரத்தாலேயே செல்லாததாக்கிவிட்டார் என்கிறார். சட்டம் கைவிட்ட இடத்தில் மன்னரின் சித்தம் காப்பாற்றுகிறது. வரம்பற்ற முடியாட்சிக்கு இதைவிடச் சுருக்கமான விளம்பரம் கிடையாது. வேறு எந்த வழியும் இல்லாத நாட்டில் அப்பாவி எப்படித் தப்புவான் என்ற குத்தலும் அதிலேயே இருக்கிறது.

ஏகபோகம் என்னும் ஆயுதம்

காப்பாற்றிய அதே கை, மோலியேரைப் பிறகு கைவிட்டது. இசையமைப்பாளர் லூலி அவரோடு பல ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்தவர். 1672இல் இசை நாடகத்துக்கான முழு உரிமத்தையும் லூலி அரசரிடம் பெற்றார். அவர் அனுமதியில்லாமல் முழுக்கப் பாடி நடிக்கும் நாடகத்தை இனி யாரும் நடத்த முடியாது. மோலியேர் தன் கடைசி நாடகத்துக்கு ஷர்ப்பாந்தியேரை இசையமைக்க வைத்தார். அதன் நான்காவது காட்சி முடிந்த 1673 பிப்ரவரி 17 இரவில் இறந்தார். சில வாரங்களில் பாலே ராயல் அரங்கு லூலிக்குப் போனது. மோலியேரின் குழு வெளியேறியது. மற்ற அரங்குகளில் இரண்டு பாடகர்கள், ஆறு வயலின்களுக்கு மேல் கூடாது என்றும் ஆணை வந்தது.

தணிக்கை ஒரு வரியை வெட்டும்; ஏகபோகமோ எழுதப்படாத நாடகங்களையும் சேர்த்து வெட்டும். உரிமம் பெற்றவரும் நிம்மதியாக இருக்க முடியவில்லை. லூலியின் ‘ஈசிஸ்’ இசை நாடகத்தில் வரும் பொறாமைத் தேவதை, மன்னரின் ஆசைநாயகியைக் குறிப்பதாக 1677இல் அரசவை கிசுகிசுத்தது. பாட்டெழுதிய கினோ ஒதுக்கிவைக்கப்பட்டார்.

1680இல் அரச ஆணையால் பாரிஸின் நாடகக் குழுக்கள் இணைக்கப்பட்டு ‘கொமெதி ஃப்ரான்சேஸ்’ பிறந்தது. தலைநகரில் பிரெஞ்சு நாடகம் நடத்தும் உரிமை அதற்கு மட்டுமே. சந்தைகளில் கூடாரம் போட்டு நடித்தவர்கள்மேல் அது வழக்குமேல் வழக்குப் போட்டது. மேடையில் உரையாடல் கூடாது என்று தடை வந்ததும், ஒருவர் பேசிவிட்டு உள்ளே போக, மற்றவர் வந்து பதில் சொன்னார். பேசவே கூடாது என்றானதும் வரிகளை அட்டைகளில் எழுதி மேலிருந்து இறக்கினார்கள். இசைக்குழு எல்லோருக்கும் தெரிந்த மெட்டை வாசிக்கும், பார்வையாளர்களே பாடுவார்கள். நடிகர்களின் வாயைக் கட்டலாம். காசு கொடுத்து வந்த கூட்டத்தின் வாயை எந்த உரிமத்தால் கட்ட முடியும்? ‘ஓபெரா கொமீக்’ என்ற புதிய வடிவமே இந்தத் தடைகளுக்கு நடுவில் வளர்ந்ததுதான்.

ஆட்சி மாறியது, சாவி மாறவில்லை

நூறாண்டுக்குப் பிறகு பதினாறாம் லூயி, போமார்ஷேயின் ‘ஃபிகாரோவின் திருமணம்’ நாடகத்தைத் தடுக்கப் பார்த்தார். பிரபுவை வேலைக்காரன் முட்டாளாக்கும் அந்த நாடகத்துக்காக வாதாடியவர்கள் பிரபுக்களே. 1784 ஏப்ரல் 27 அன்று அது அரங்கேறியபோது, ஒரு மன்னரின் ‘முடியாது’ என்ற சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு மிஞ்சியிருக்கிறது என்பதைப் பாரிஸ் பார்த்துவிட்டது.

புரட்சி 1791 ஜனவரியில் யார் வேண்டுமானாலும் அரங்கு திறக்கலாம் என்றது. 1807இல் நெப்போலியன் பாரிஸின் அரங்குகளை எட்டாகக் குறைத்தார். அரங்கு திறக்கும் சுதந்திரம் 1864இல்தான் திரும்பியது. நாடகத் தணிக்கை 1906 வரை நீடித்தது. முடியாட்சி போனாலும் அதன் கருவிகளை அடுத்து வந்தவர்கள் பத்திரமாக எடுத்துவைத்துக்கொண்டார்கள்.

லூயியின் காலம் மகத்தான கலையைத் தந்தது என்பதில் சந்தேகமில்லை. வெர்சாயின் பணம் இல்லாமல் லூலியின் இசை நாடகங்கள் அந்த அளவில் வந்திருக்காது. ஆனால் மோலியேர், சந்தை நடிகர்கள், போமார்ஷே என மூவருக்கும் கைகொடுத்தவை, அரசர் மூடியபோதும் திறந்திருந்த வேறு கதவுகள்: இளவரசர்களின் மாளிகைகள், சந்தைக் கூடாரங்கள், டிக்கெட் வாங்கிய பொதுமக்கள். கலைக்கு அரசு பணம் தருவது தவறல்ல, தரத்தான் வேண்டும். அந்த அரசின் கலைப் பற்றை அளக்க, விருதுப் பட்டியலின் நீளத்தைப் பார்த்தால் போதாது. அரசு ‘இல்லை’ என்று சொன்ன பிறகும் ஒரு கலைஞர் தன் படைப்பைப் பொதுமக்களிடம் கொண்டுபோக முடிகிறதா என்றே பார்க்க வேண்டும்.