இரைச்சல் என்று ஒதுக்கப்பட்ட 'மாயா'

மேலோட்டமான பண்பாட்டைச் சாடும் படைப்பு தானும் மேலோட்டமாகவே இருக்கிறது என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது நம் சிற்றிதழ்ச் சூழலில் எளிதாகச் செல்லுபடியாகும் விமர்சனம். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் ஈழத்தமிழ்ப் பெண் மாதங்கி அருள்பிரகாசத்தின் 'மாயா' (2010) இசைத்தொகுப்பைப் பற்றிப் பேச்செடுத்தாலும் இதுவே பதிலாக வருகிறது. அப்படிச் சொல்பவர்களோடு எனக்கு வழக்கு உண்டு.

முதல் தொகுப்புக்குத் தந்தையின் பெயர், இரண்டாவதான 'கலா'வுக்குத் தாயின் பெயர், மூன்றாவதற்குத் தன் பெயர். மாயை என்ற பொருளும் அதில் தொனிக்கிறது. அட்டையில் யூடியூபின் ஓட்டப்பட்டைகள் அடுக்கடுக்காக நின்று பாடகியின் முகத்தை மறைக்கின்றன. தொடக்கப் பாடல் தலையெலும்பில் தொடங்கி, காதில் மாட்டும் ஒலிக்கருவி, இணையம், கூகுள், அரசு என்று ஒரு சங்கிலியைக் கோக்கிறது. அன்று அதை வெற்று ஐயம் என்று நகைத்தார்கள். 2013 ஜூனில் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் அச்சங்கிலி உண்மையே என்று காட்டின. 'பார்ன் ஃப்ரீ' பாடல், 1970களின் தொடக்கத்திலேயே தம் நிகழ்ச்சி விளம்பரங்களில் 'பங்க்' என்ற சொல்லைக் கையாண்ட 'சூசைட்' இணையரின் இசைத்துண்டின் மீது எழுப்பப்பட்டது. வேறொரு பாடலில் துளைப்பொறியின் ஓசையே தாளமாகிறது. 'பிட்ச்ஃபோர்க்' இதழ் இத்தொகுப்புக்குப் பத்துக்கு 4.4 மதிப்பெண் தந்தது.

இரைச்சல் என்ற சொல் நெல்லைச் சீமையில் கொடை விழா பார்த்து வளர்ந்த காதுக்குப் புதிதல்ல. நையாண்டி மேளத்தையும் படித்தவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். 'கலா'வுக்காக (2007) இதே பாடகி சென்னையில் உறுமி மேளத்தைப் பதிவுசெய்தார் என்பதை இங்கே நினைவூட்ட வேண்டும். உறுமியைச் சங்கீதத்தின் அளவுகோலால் அளந்தவர்களே 'மாயா'வையும் அதே கோலால் அளக்கிறார்கள்.

தமிழ் படித்தவர்களுக்கு இதன் உத்தி விளங்காமல் போவதுதான் வியப்பு. புறநானூற்றின் 95ஆம் பாட்டில் ஔவை தொண்டைமானின் படைக்கலங்களைப் புகழ்கிறாள். பீலி சூட்டி, நெய் பூசி, காவல் மனையில் மினுங்குகின்றன அவை. அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன. மினுக்கத்தை அவள் கண்டிக்கவில்லை, விவரிக்கிறாள். விவரிப்பே கண்டனமாகிறது. அதை வஞ்சப்புகழ்ச்சி என்று வகுப்பில் விளக்கும் நாமே, திரையின் மினுக்கத்தைத் திரையின் மொழியாலேயே காட்டும் ஒருத்தியை ஆழமற்றவள் என்கிறோம்.

அந்த மினுக்கம் எதை மறைக்கிறது? முள்ளிவாய்க்கால் முடிந்து எட்டு மாதம் ஆவதற்குள், 2010 ஜனவரியில், 'நியூயார்க் டைம்ஸ்' அவ்வாண்டு சுற்றிப்பார்க்கத்தக்க 31 இடங்களைப் பட்டியலிட்டு இலங்கைக்கு முதலிடம் தந்தது. மாதங்கி அதைச் சினந்து எழுதினார். 'மாயா' அதே ஆண்டில் வந்தது. கடற்கரைப் படங்களின் அடியில் என்ன புதைந்திருக்கிறது என்று கேட்பது மேலோட்டமா? தாமிரபரணிக் கரையில் இருப்பவர்கள் இக்கேள்வியைத் தவிர்க்க இயலாது. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகச் சென்ற பேரணியைக் காவல்துறை அடித்துக் கலைத்தபோது இந்த ஆற்றில் 17 பேர் மாண்டனர். 2018 அக்டோபரில் மகா புஷ்கரம் நடந்ததும் இதே ஆற்றில்தான். நீராடியவர்களின் பக்தியில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அன்று கைப்பேசிகளில் நிறைந்த ஆறு வேறு, 1999இன் ஆறு வேறு என்று நம்புமளவுக்கு நம் நினைவு வழுக்கிவிட்டது.

அவருடைய செல்வ வாழ்வைக் காட்டி, இவருக்கு இதைப் பேச என்ன தகுதி என்பார்கள். 2020இல் தடுப்பூசிக்கு எதிராக அவர் சொன்னதையும் எடுத்துவைப்பார்கள். அக்கூற்று பிழையானது, அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. எதையும் ஐயுறும் மனம் எங்கு போய் முட்டும் என்பதற்கு அது சான்றாகவும் இருக்கலாம். ஆனால் ஆளின் பிழையைக் கொண்டு படைப்பை அளப்பதும் அட்டையைப் பார்த்து நூலை ஒதுக்குவதும் ஒரே சோம்பல். எதிர்த்தரப்பினர் முதலில் பாடல்களை வரிசை கெடாமல் முழுமையாகக் கேட்டுவிட்டு வரட்டும். அதன் பிறகும் இரைச்சல் என்றே தோன்றினால், அந்த இரைச்சல் யாருடையது என்பதையும் சேர்த்து எழுதட்டும்.