காந்த விசை வேலை செய்கின்றதா?

புதுக்குடியிருப்பின் தோட்டக் கிணறுகளில் மின்மோட்டர்கள் நீரிறைப்பதை நாம் நாளும் காண்கின்றோம். அவற்றைச் சுழற்றுவது எது? மின்னோட்டந் தாங்கிய கடத்தியைக் காந்தப்புலத்தில் வைத்தால் விசை தொழிற்படும் என உயர்தர வகுப்பு மாணவர் ஒப்புவிப்பர். அம்மாணவரே, காந்த விசை அசையும் ஏற்றத்தின் வேகத்துக்கு என்றுஞ் செங்குத்தாதலின் வேலை செய்யாது என்றுங் கற்கின்றனர். இரண்டும் எங்ஙனம் பொருந்தும் என வினவும் மாணவனை, 'பரீட்சைக்கு அது வேண்டாம்' என அமர்த்திவிடும் வழக்கம் ஒழிதல் வேண்டும் என்பதே எமது கருத்து.

வினாவை நாமே ஆராய்வோம். அரைத் தெசுலாப் புலத்துக்குச் செங்குத்தாக, அரை மீற்றர்க் கம்பியொன்று 4 அம்பியர் மின்னோட்டத்துடன், விசையின் திசையிற் செக்கனுக்கு 2 மீற்றர் வேகத்தில் அசைகின்றது என்க. விசை 1 நியூற்றன். வலு 2 உவாற்று. ஆயின் கம்பியுடன் இலத்திரன்களும் குறுக்கே செல்கின்றன. அவ்வியக்கத்தால் எழும் விசை மின்னோட்டத்தை எதிர்க்கின்றது. அதுவே பின் மின்னியக்க விசை. இங்கு அரை உவோற்று. 4 அம்பியராற் பெருக்கின் அதுவும் 2 உவாற்று. காந்த விசை ஒரு கையாற் கொடுத்ததை மறு கையாற் பறிக்கின்றது. மொத்த வேலை பூச்சியம். எதிர்ப்பை மீறி மின்னோட்டத்தை நிலைநிறுத்தும் மின்கலமே வேலையின் முதல்.

முத்தையன்கட்டுக் குளத்து நீரை வரம்பு வயலுக்குத் திருப்புகின்றது. நீரை ஓடச் செய்வதோ குளத்தின் உயரம். காந்தம் வரம்பு, மின்கலம் குளம்.

அப்படியாயின், கம்பியின்மீது காந்த விசை செய்த வேலையென நூல்கள் கணிப்பது பிழையோ? அன்று. விடை சரியே, அது கணக்கின் ஒரு பாதி. மறு பாதியைச் சொல்லாது விடுதலே குறை.

இதனைக் காட்டப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. மின்கலம், சிறு மோட்டர், அம்பியர்மானி ஆகியன போதும். மோட்டரின் அச்சைச் சிறிது நேரம் பிடித்து நிறுத்தினால் மின்னோட்டங் கூடும், சுழலவிட்டாற் குறையும். பின் மின்னியக்க விசையின் விளைவை மாணவன் கண்ணாற் காண்பான்.

2009இற் போரினாற் சிதைந்து மீண்டெழுந்த மண் இது. விழாக்காலத்தில் வளைவும் நினைவுக்கல்லும் எழுப்ப விழையும் பழைய மாணவர், ஆய்வுகூடத்துக்கு இத்தகைய சிறு கருவிகளையும் நல்குவாராக. ஆசிரியர் வினாவுக்கு இடந் தருவாராக. மாணவர் அஞ்சாது வினவுவாராக.