வீடு யாருடையது, வயல் யாருடையது?

அக்கரைப்பற்றிலே பெண்ணுக்கு வீடு உண்டு. இதைச் சொல்லிப் பெருமை கொள்ளாத பெரியவர் ஒருவரையேனும் எமது பகுதியிற் காண்பது அரிது. கல்முனையிலிருந்து பொத்துவில் வரை, முஸ்லிம்களாயினுஞ் சரி தமிழர்களாயினுஞ் சரி, மகளுக்கு மணம் பேசினால் முதலில் வீடும் வளவும் பேசப்படும். மாப்பிள்ளை பெண் வீட்டிலே வந்து குடியேறுவார். குடி தாய்வழியாக எண்ணப்படும். பள்ளிவாசலின் மரைக்காயரும் கோயிலின் வண்ணக்கரும் அந்தக் குடிகளிலிருந்தே வந்தார்கள். 1969 ஆம் ஆண்டில் அக்கரைப்பற்றுக்கு வந்து தங்கிய அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இவற்றையெல்லாம் நுணுகி ஆராய்ந்து, 2008 இல் பெருநூலாகவே வெளியிட்டார். அதன் பிறகு எம்மவரின் பெருமை இன்னும் ஒரு முழம் வளர்ந்துவிட்டது. “எங்கள் பெண்கள் அடிமைகளா? வீடே அவர்கள் பெயரில் அல்லவா இருக்கிறது!” என்று மேடைதோறும் கேட்கிறார்கள்.

இருக்கிறது. நாம் மறுக்கவில்லை. கணவன் கைவிட்டாலும் தெருவில் நிற்காமல், தன் வளவில், தன் தாய்க்கும் சகோதரிகளுக்கும் அருகில் வாழ்கின்ற ஒரு பெண்ணின் நிலை, நாட்டின் வேறு பல பகுதிகளிலுள்ள பெண்ணுக்கு வாய்க்காத ஒன்று. அதை இழிவாகப் பேச எமக்கு மனமில்லை. ஆனால் பெருமை பேசுவோர் ஒரு கேள்வியை மட்டும் தவிர்த்துவிடுகிறார்கள். அந்த வீடு எதிலிருந்து எழுந்தது?

வயலிலிருந்து எழுந்தது. அல்லது வயலை விற்றதிலிருந்து எழுந்தது. மூன்று பெண்மக்களைப் பெற்ற ஒரு சிறு வெள்ளாமைக்காரனை எண்ணிப் பாருங்கள். மூத்தவளுக்கு, தான் வாழ்ந்த வீட்டையே கொடுத்துவிட்டு, மனைவியுடனும் மற்றப் பிள்ளைகளுடனும் வளவின் பின்புறத்தில் ஒரு கொட்டிலுக்கு ஒதுங்குகிறான். இரண்டாமவளுக்கு அந்தக் கொட்டில் இருந்த இடத்தில் கல்வீடு எழ வேண்டும். அதற்காக ஓர் ஏக்கர் ஈட்டுக்குப் போகிறது. மூன்றாமவளின் முறை வரும்போது ஈட்டுக்குப் போன காணி மீளாமலே போய்விடுகிறது. ஒரு காலத்தில் தன் பெயரில் இருந்த வரம்பிலேயே அவன் கூலிக்கு நாற்றுக் கட்டு சுமக்கிறான். காணி இல்லாதவனோ நேரே கடனுக்குப் போகிறான். எழுபதுகளின் இறுதிக்குப் பின் கடனோடு இன்னொரு வழியும் திறந்தது. மகளுக்குச் சீதன வீடு கட்டுவதற்காக உம்மா சவூதியிலும் குவைத்திலும் பிறர் வீட்டுச் சமையலறையில் ஆண்டுக்கணக்காக உழைக்கிறாள். தன் வீட்டில் தான் இல்லாமலிருந்து மகளுக்கு வீடு கட்டுகிற இந்தத் தாயைப் பற்றி மேடையில் ஒருவரும் பேசக் காணோம்.

ஆகவே வீட்டைப் பற்றிப் பேசுவதானால் வயலைப் பற்றிப் பேசித்தான் ஆக வேண்டும்.

எமது வயல்களின் கதை எங்கே தொடங்குகிறது? 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில் என்று சொன்னால் பிழையாகாது. காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடக்கும் நிலமெல்லாம், வேறாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியதென்று அச்சட்டம் கொண்டது. மாடு மேய்த்தவனும் சேனை வெட்டியவனும் எந்த நிரூபணத்தைக் கொண்டு போவான்? பிறகு 1850களில் ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தப்பட்டன. நீர் வந்தது. காணிக்கு விலையும் வந்தது. கையில் காசு உள்ளவன் அரசிடமிருந்து வாங்கினான். காசு இல்லாதவன் அவனிடம் வேலைக்குச் சேர்ந்தான். போடியார் என்ற சொல்லுக்குப் பழைய குலப்பெருமை எத்தனை இருந்தாலும், அதன் பின்னால் நொத்தாரிசின் உறுதியும் கிறவுண் காணி விற்பனையும் இருப்பதை மறக்கலாகாது.

போடியாரின் வட்டையில் முறை இப்படி இருந்தது. மேலே போடியார், அவருக்குக் கீழே மேற்பார்வைக்கு முல்லைக்காரர், அவருக்குங் கீழே வயற்காரர். விதைநெல்லும் சாப்பாட்டு நெல்லும் போடியாரின் பட்டறையிலிருந்து முன்கூட்டி வரும். வாடியில் படுத்து, பன்றிக்கும் யானைக்கும் காவலிருந்து, வெட்டிச் சூடு வைத்து மிதித்த பின், களத்திலேயே அந்த முன்பணம் வட்டி நெல்லோடு கழிக்கப்படும். மிஞ்சியதில்தான் வயற்காரனின் பங்கு. மிஞ்சாத ஆண்டில் கடன் அடுத்த போகத்துக்கு ஏறும். போடியார் முஸ்லிமாகவும் வயற்காரன் தமிழனாகவும் இருந்ததுண்டு, மாறியும் இருந்ததுண்டு, இரண்டு பேரும் ஒரே பள்ளிவாசலில் ஒரே வரிசையில் நின்று தொழுததும் உண்டு. களத்துக் கணக்கு மட்டும் எல்லாவிடத்திலும் ஒரேவிதமாகவே முடிந்தது.

இங்கே சற்றுத் தொலைவு போய்வர வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தோனேசியாவில், சுமாத்திராத் தீவின் மேற்கு மலைநாட்டில், மினாங்கபாவு என்றொரு மக்கள் வாழ்கிறார்கள். அவர்களும் முஸ்லிம்கள். அவர்களிடத்தும் குலம் தாய்வழி. கணவன் மனைவியின் வீட்டுக்கு விருந்தாளிபோல் வருபவன். மலைச்சரிவில் படிப்படியாக அமைந்த அவர்களுடைய நெல்வயல் தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. மார்க்கத்துக்கும் வழமைக்கும் இடையே அங்கே பெரும் போரே மூண்டது. பத்ரிப் போர் எனப்படும் அந்தப் பிணக்கில் ஒல்லாந்தர் நுழைந்து, 1837 இல் பொஞ்சோல் கோட்டையைப் பிடித்து, மலைநாட்டைத் தமதாக்கினர். இரண்டு சகோதரர் சண்டையிட்டால் மூன்றாமவன் காணியைப் பிடிப்பான் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. 1870 இல் யாவாவில் ஒல்லாந்தர் கொண்டுவந்த சட்டமும், உரிமை நிரூபிக்கப்படாத நிலம் அரசுக்கே என்றது. எமது 1840 இன் தம்பி அது.

ஆனால் ஒன்றை அவர்களிடமிருந்து கற்க வேண்டும். அங்கே மூதாதையர் வயல் தனியொருத்தியின் சொத்தன்று, குலத்தின் சொத்து. அதைக் கூறுபோட்டு விற்க வழமை இடங்கொடாது. நான்கு இடுக்கண்களுக்கு மட்டுமே ஈடு வைக்கலாம் என்பது அவர்கள் மரபு: வீட்டில் பிணம் கிடந்து அடக்கஞ் செய்ய வழியில்லையானால், குலத்தின் பெரிய வீடு இடிந்து கிடந்தால், வயது வந்த பெண் மணமாகாமல் இருந்தால், குலத்தலைவனுக்குப் பட்டம் சூட்ட வேண்டியிருந்தால். ஈடு வைத்ததும் மீட்கப்பட வேண்டியது. பெண்ணின் மணம் அங்கே ஓர் இடுக்கண்; இங்கேயோ அதுதான் அன்றாட விதி. எமது பகுதியில் தாய்வழிச் சொத்தை நொத்தாரிசின் பேனா தனித்தனி உறுதிகளாக வெட்டியது. முக்குவர் சட்டம் என்று மட்டக்களப்பில் வழங்கிய தாய்வழி உரிமையை 1876 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு ஆங்கிலேயர் முடித்துவைத்தனர். குலத்தின் பொதுவுடைமையாக இருந்திருக்க வேண்டியது மாப்பிள்ளையின் விலையாயிற்று. சில உறுதிகளில் மருமகனின் பெயரையும் சேர்த்தெழுதும் வழக்கம் உண்டென்பதை அறியாதவர் எவர்?

மினாங்கபாவுக்காரரையும் நாம் சொர்க்கவாசிகளாக்கப் போவதில்லை. வயல் பெண்களுடையது என்பார்கள். அதைப் பற்றிப் பேச்சு வந்தால் பேசுகிறவர் மாமாக் எனப்படும் தாய்மாமன். எமது ஊரிலும் வயல் அவள் பெயரில் இருக்கும். விதைப்புக் கூட்டத்துக்குப் போகிறவர் அவர்.

சுதந்திரத்துக்குப் பின் அரசு என்ன செய்தது? 1958 இல் பிலிப் குணவர்த்தனா நெற்காணிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். பயிரிடுவோனை எழுப்பக் கூடாது, அவனது உரிமை பிள்ளைக்கும் போகும், வாரத்தை விளைச்சலில் நாலில் ஒரு பங்களவுக்குக் கட்டுப்படுத்த வேண்டும் என்றெல்லாம் அச்சட்டம் சொன்னது. இலங்கையில் உழுபவனின் பக்கம் நின்று பேசிய முதற் பெருஞ்சட்டம் அது. மறு ஆண்டே அவர் அமைச்சரவையில் இல்லை. சட்டத்துக்கு நேர்ந்தது அதனினுங் கொடிது. குத்தகையாளனுக்குத்தானே பாதுகாப்பு? வயற்காரன் குத்தகையாளன் அல்லன், வெறுங் கூலி என்று சொன்னால் தீர்ந்தது! கையில் ஒரு சீட்டும் இல்லாதவன் தான் யாரென்று எதைக் காட்டி நிரூபிப்பான்? 1972 இல் நெற்காணிக்கு 25 ஏக்கர் உச்சவரம்பு வந்தது. நாடெங்கும் அது வயதுவந்த பிள்ளைகளின் பெயர்களுக்கிடையே காணாமற் போயிற்று. எமது ஊரில் மகள்மாருக்குப் பிரித்தெழுதுவது முன்னரே வழக்கம். போடிமாருக்குப் புதிதாக யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

மறுபுறத்தில் பட்டிப்பளை ஆற்றை மறித்து, 1949 இல் கல்லோயாத் திட்டம் தொடங்கிற்று. யார் எங்கே குடியேற்றப்பட்டார், அதனால் கரையோரத் தமிழ் பேசும் மக்கள் எவ்வாறு ஓரங்கட்டப்பட்டார், 1956 இல் அங்கே எவ்வளவு இரத்தம் சிந்தியது என்பதெல்லாம் வாசகர்கள் அறிந்தவை. அறியப்படாதது வேறொன்று. குடியேற்றக் காணி 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரத்தில் வழங்கப்பட்டது. வாரிசு பெயரிடப்படாமல் உரிமையாளர் இறந்தால் யாருக்குப் போகும் என்று அச்சட்டத்தின் மூன்றாம் அட்டவணை வரிசைப்படுத்தியது: மகளுக்கு முன்னால் மகன், பேத்திக்கு முன்னால் பேரன், இளையவனுக்கு முன்னால் மூத்தவன். விதவைக்கு வாழ்நாள் அனுபவம் உண்டு. மறுமணஞ் செய்தால் அதுவும் போகும். தாய்வழியாகச் சொத்துப் போகும் ஒரு நாட்டுப்புறத்தின் தலையில் இங்கிலாந்துக் கனவானின் வீட்டு வழக்கத்தைக் கொண்டுவந்து சுமத்தினார்கள். 2022 இல்தான் இந்தப் பாகுபாடு திருத்தப்பட்டது. எண்பத்தேழு ஆண்டுகள்! அதற்குள் எத்தனை மூத்த மகன்கள் காணியை எடுத்து, எத்தனை சகோதரிகள் கைவிரித்து நின்றார்கள் என்பதைத் திருத்தச் சட்டம் கணக்கெடுக்கவில்லை.

2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தது. நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை; பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர். கரையோரத்து வீடுகள் அழிந்தன. அவை யாருடைய வீடுகள்? பெரும்பாலும் பெண்களுடைய சீதன வீடுகள். கிழக்கில் கடலிலிருந்து இருநூறு மீற்றருக்குள் கட்டலாகாது என்று முதலில் அறிவித்தார்கள். இடம்பெயர்ந்தோருக்கு மாற்றுக் காணியும் வீடும் என்றார்கள். படிவம் வந்தது. அதன் முதல் வரியில் “குடும்பத் தலைவர்” என்றொரு கோடு. எழுதுபவர் நிமிர்ந்து பாராமலே கணவன் பெயரைக் கேட்டார். பெண்ணும், நியாயமாகச் சொன்னால், தயங்காமல் அதையே சொன்னாள். தலைவர் என்றால் ஆண் என்றுதானே அவளுக்கும் கற்பித்திருக்கிறோம்? இவ்வாறு தாயிடமிருந்து வந்த வீட்டைக் கடல் எடுத்தது. அதற்கு ஈடாகக் கிடைத்த வீட்டின் உரிமையைக் கணவன் பெயரில் அரசு எழுதியது. அரச காணியை ஒருவர் பெயருக்கே கொடுக்கலாம், இருவர் பெயரையும் இட முடியாது என்று காரணமுங் கூறப்பட்டது. ஒருவர் பெயர்தான் என்றால் அந்த ஒருவர் ஏன் அவளாக இருக்கலாகாது? பெண்கள் அமைப்புகள் அன்று கேட்ட கேள்வி இது. இப்போதும் அதைக் கேட்க வேண்டியே இருக்கிறது.

நுரைச்சோலையில் சவூதி அரசின் உதவியில் ஐந்நூறு வீடுகள் எழுந்ததையும், எந்த இனத்தாருக்கு எத்தனை என்ற வழக்கில் கட்டி முடிந்த பின்னும் பத்தாண்டுக்கு மேல் அவை பூட்டிக் கிடந்ததையும் எமது அரசியல்வாதிகள் ஆயிரம் முறை பேசியிருக்கிறார்கள். பேசத்தான் வேண்டும், அது பெரும் அநீதி. ஆனால் அந்த ஐந்நூறு கதவுகளின் திறப்பு யார் கையில் கொடுக்கப்பட வேண்டும், கணவன் கையிலா மனைவி கையிலா என்று ஒருவராவது கேட்டதாக எமக்கு நினைவில்லை. “எமது காணி பறிபோகிறது” என்று முழங்குவோரிற் சிலர், தம் சொந்த வயலில் போகத்துக்குப் போகம் மூடைக் கணக்கில் குத்தகை வாங்கிக்கொண்டு, பயிரிடுபவனுக்கு எழுத்தில் ஒரு வரியும் கொடாதவர்கள். அவர்கள் சொல்லும் “எமது” என்ற சொல்லில் அந்தப் பயிரிடுபவன் எங்கே நிற்கிறான்?

இன்னொரு சாரார் சீதனமே மார்க்கத்துக்கு முரண், ஆகவே பெண்ணுக்கு வீடு எழுதுவதை நிறுத்துவோம் என்கிறார்கள். தந்தையரின் முதுகை முறிக்கும் பேரத்தை ஒழிக்க வேண்டும் என்பதில் நாம் அவர்களோடு ஒன்றுபடுகிறோம். ஆனால் பேரத்தை ஒழிக்கிற பெயரில் பெண்ணின் ஒரேயொரு உறுதியையும் கிழித்துவிட்டு, வாப்பாவின் மௌத்துக்குப் பின் கிடைக்கிற பங்குக்காகக் காத்திரு என்று சொன்னால், அதற்குள் அந்தக் காணி சகோதரனின் கடனில் போயிருக்காதென்பதற்கு யார் பொறுப்பு? மாப்பிள்ளைக்கான விலையை நிறுத்துங்கள். மகளின் உரிமையை மணத்தோடு கட்டாமல், மணமாகாதவளுக்கும் சேர்த்து எழுதுங்கள்.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதில் செய்யக்கூடியது சிறிதன்று. 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு கமநல சேவை நிலையத்திலும் விவசாயக் காணிகளின் பதிவேடு ஒன்று உண்டு. காணியின் சொந்தக்காரர் யார், பயிரிடுபவர் யார் என்று அதில் எழுதப்பட வேண்டும். உரமானியம் முதலியவை அந்தப் பெயரின் வழியாகவே வருகின்றன. உங்கள் வட்டையின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். குத்தகைக்குச் செய்பவனின் பெயர் இருக்கிறதா? சீதன வயலுக்கு எதிரே யார் பெயர் இருக்கிறது? இல்லாதவரைக் கையோடு அழைத்துச் சென்று எழுதச் செய்யுங்கள். எழுத மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பெரும்போக விதைப்புக் கூட்டம் கூடும்போது, வீட்டுக்கு உரித்துடையவளையும் அழைத்துச் செல்லுங்கள். அவள் பின்வரிசையிலாவது உட்காரட்டும்; பெயர் வாசிக்கும்போது அவள் பெயர் வாசிக்கப்படட்டும்.