ஏரிகளை நத்தைக் காடாக்கியது யார்?

சென்னையின் கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதைத் தடுக்க மக்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது. அம்பத்தூர், ஆவடி ஏரிகளும் சாக்கடைக்குத் தப்பவில்லை. கழிவைத் தின்று ஆகாயத்தாமரை மண்டுகிறது. அதன் வேரிலும் இலையடியிலும் நத்தைகள் பெருகுகின்றன. அந்தத் தண்ணீரில்தான் மாடுகள் இறங்குகின்றன.

இதன் ஆபத்து நமக்குப் புதிதல்ல. மூச்சடைத்து மாடுகளைக் குறட்டை விடவைக்கும் ரத்தப்புழுவை, 1933-இல் மெட்ராஸ் மாகாணத்தில் ஆராய்ந்து விவரித்தவர் எம். அனந்தநாராயண ராவ். நோயுற்ற மாட்டின் மூக்குச்சளியோடு முட்டைகள் தண்ணீரில் விழுகின்றன. பொரியும் இளம்புழுக்கள் இந்தோபிளானார்பிஸ் என்ற தட்டைச்சுருள் நத்தைக்குள் புகுந்து பல மடங்காகின்றன; சில வாரங்களில் நீந்தி வெளியேறி, நீரில் நிற்கும் அடுத்த மாட்டின் தோலைத் துளைக்கின்றன. லிம்னேயா நத்தை வழியாக வரும் ஈரல் புழுவோ கரையோரப் புல்லில் ஒட்டிக் காத்திருக்கும். மாடு இளைக்கும், பால் வற்றும். நட்டம் மாடு வளர்ப்பவருக்கு.

மாட்டின் ரத்தப்புழு மனித உடலில் வளராது. ஆனால் தோலைத் துளைத்து அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும். மனிதரைத் தாக்கும் வகையோ ஆப்பிரிக்காவை வாட்டுகிறது. 2021-இல் உலகில் 25 கோடிப் பேருக்குத் தடுப்பு சிகிச்சை தேவைப்பட்டது. இந்தியாவில் அது வேரூன்றவில்லை. ஆயினும் 1952-இல் மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரி மாவட்டத்துக் கிம்வி கிராமத்தில் அது கண்டறியப்பட்டதை மறப்பது அறிவீனம்.

ஏரி நீர்வளத் துறையுடையது, சாக்கடை உள்ளாட்சியுடையது என்று பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் போக்கை வன்மையாகக் கண்டிக்கிறோம். கரையில் நடைபாதையும் பூங்காவும் அமைத்து, மதகருகே சாக்கடையைத் திறந்துவிடுவது ஏரி மீட்பு அல்ல. நத்தையைக் கொல்ல விஷம் தெளிக்கும் குறுக்குவழியும் வேண்டாம். மீன்தான் செத்து மிதக்கும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் சென்னை, ஆவடி மாநகராட்சிகளும் பூந்தமல்லி நகராட்சியும் தங்கள் பகுதி ஏரிகளில் விழும் ஒவ்வொரு கழிவுநீர் வாயையும் அடைக்க வேண்டும். ஆகாயத்தாமரையை வேரோடு அகற்ற வேண்டும். கால்நடைப் பராமரிப்புத் துறை, மாதவரத்தில் இருக்கும் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் துணையுடன் இந்த ஏரிகளின் நத்தைகளையும் கரையோர மாடுகளின் சாணத்தையும் மூக்குச்சளியையும் பரிசோதித்து, முடிவை மக்கள்முன் வைக்க வேண்டும். நோயுள்ள மாட்டுக்குச் செலவின்றி மருந்து கொடுப்பது அரசின் கடமை. சாக்கடையைக் கலக்கவிட்டது மாட்டுக்காரர் அல்ல.