கூட இருப்பவரையும் கேளுங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாரை தில்லியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ஞாபக மறதி முற்றிக்கொண்டிருந்த சமயம். இளம் டாக்டர் ஒருவர் இந்தியில், "இது என்ன மாதம், மாதாஜி?" என்று கேட்டார். "ஆடி" என்றாள் அம்மா. "கிழமை?" "மூணாம் வெள்ளி." இரண்டும் சரியான விடை. தாளில் விழுந்ததோ இரண்டு பூஜ்யம். நாற்பது வருஷம் காய்கறிக்காரனோடு பேரம் பேசிய இந்தி அம்மாவை விட்டுக் கழன்றிருந்தது. கேள்வி ஓரளவு புரிந்தது. பதில் தமிழில்தான் வந்தது. நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். "நீங்கள் வெளியே உட்காருங்கள்" என்றார்கள்.

அந்த டாக்டர் மேல் எனக்குக் கோபமில்லை. வாசலில் நூறு பேர் காத்திருந்தார்கள். ஆனால் ஸ்ட்ரெச்சர் தள்ள, சீட்டுக்கு வரிசையில் நிற்க, ராத்திரி கட்டிலடியில் படுக்க வீட்டு மனிதர் வேண்டும். வைத்தியமும் ஏற்பாடுகளும் எப்படி இருக்கவேண்டும் என்று மட்டும் அவரைக் கேட்கக் கூடாது என்றால், இது என்ன நியாயம்?

குடும்பத்தாரைச் சேர்த்துக்கொள்வது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1950-களிலேயே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் நோயாளிகளின் வீட்டாரை வளாகத்தில் கூடாரமடித்துத் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையமும் உறவினர் உடன் தங்கும் முறையைக் கைக்கொண்டது. ஆனால் உடன் தங்குவது வேறு, யோசனை கேட்கப்படுவது வேறு.

அந்த இரண்டாவது உரிமைக்குச் சட்டத்தில் இடம் கொடுத்தது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். 2018 மே மாதம் அமலுக்கு வந்த இச்சட்டத்தின்படி, மத்திய ஆணையத்திலும் மாநில ஆணையங்களிலும் பராமரிப்பவர்கள் சார்பில் இரண்டிரண்டு பேர் இருக்கவேண்டும். நினைவாற்றலைக் கடுமையாகப் பாதிக்கும் கோளாறும் இச்சட்டத்தின் வரையறைக்குள் வருவதால், என் தாயாரைப் போன்றவர்களின் வீட்டாருக்கும் இதில் பங்குண்டு. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஒரு சிக்கல். பராமரிப்பவர் அல்லது அவர்களுக்கான அமைப்பின் பிரதிநிதி என்கிறது சட்டம். அமைப்பின் செயலாளர் வந்து உட்கார்ந்தாலும் கணக்கு நேராகிவிடும். இருவரில் ஒருவராவது இன்றைக்கும் வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருப்பவராக இருக்கவேண்டும் என்பது என் கட்சி. அவர் கூட்டத்துக்கு வரும் நாளில் வீட்டில் மாற்றாள் வைக்கும் செலவையும் ஆணையமே ஏற்கவேண்டும். அதைச் செய்யாமல் வேலை நாளில் பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, "பராமரிப்பவர்கள் வருவதில்லை" என்று குறிப்பெழுதுவது சுலபம்.

அவர் பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. குழந்தைகள், முதியோர், நோயாளிகளை வீட்டில் சம்பளமின்றிக் கவனிக்கும் வேலையில் பெண்களில் 27.6 சதவிகிதத்தினரும் ஆண்களில் 14 சதவிகிதத்தினரும் ஈடுபட்டதாக 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது. என் வீட்டுக் கணக்கு அதைவிட மோசம். அம்மாவுக்கு ஊட்டியதும் குளிப்பாட்டியதும் என் மனைவி. ஆஸ்பத்திரிக் காகிதங்களில் 'உடனிருப்பவர்' என்ற இடத்தில் இருப்பதோ என் பெயர். அவளைக் கேட்டிருந்தால், இரண்டு டாக்டர்களை ஒரே நாளில் பார்க்க வழி செய்யுங்கள், நனைந்த புடவையை மாற்ற ஒரு மறைவிடம் கொடுங்கள் என்று சொல்லியிருப்பாள். எனக்கே அது பின்னால்தான் தெரிந்தது.

நம் சங்கக் கூடத்தில் ஒரு ஞாயிறு மாலை, வீட்டில் நோயாளியைக் கவனிக்கும் உறுப்பினர்களை மட்டும் கூட்டிப் பேசவிடலாம். பேசியதை எழுதி மாநில ஆணையத்துக்கு அனுப்பலாம். அந்த மூன்று மணி நேரம் அவர்கள் வீட்டில் நோயாளிக்குத் துணையிருக்க நாலு பேர் வேண்டும். அம்மா காலமாகி இரண்டு வருஷமாகிறது. எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை இல்லை. அந்த நால்வரில் ஒருவனாக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு என் மனைவி வருவாள்.